ஏழு கிலோ கேஸ்

மச்சான் அவனை முதல் தடவை அறைந்தது ஒரு துணிக்கடையின் மொட்டை மாடியில், கடைச் சிப்பந்திகள் நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது.

அவன் ஏசி மெக்கானிக். வயது நாற்பத்து மூன்று. பிரஷர் மீட்டரைப் பார்க்காமல் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லமாட்டான் என்பதால் தொழிலில் இருப்பவர்கள் எல்லாரும் அவனை மீட்டர் என்றே கூப்பிட்டார்கள். மச்சான் அவன் மனைவியின் அண்ணன், பட்டறைக்குச் சொந்தக்காரர். பதினெட்டு வருடமாக இரண்டு பேரும் ஒரே வண்டியில் போய், ஒரே ஏணியில் ஏறி வேலை பார்த்தவர்கள்.

அன்று காலை ஏழு மணிக்கே மாடிக்கு வந்துவிட்டார்கள். பழைய யூனிட்டுகள் பதினொன்று வரிசையாக நின்றன. எல்லாவற்றிலும் கம்ப்ரசர் செத்துப்போயிருந்தது. பன்னிரண்டு மணிக்குக் கடை திறப்பதற்குள் பதினொன்றும் கழன்று கீழே இறங்கியிருக்க வேண்டும் என்று துணிக்கடை முதலாளி கறாராகச் சொல்லியிருந்தார். குழாயை வெட்டி உள்ளே இருக்கிற கேஸைக் காற்றில் விட்டுவிட்டால் ஒரு யூனிட்டுக்கு மூன்று நிமிடம். ஊர் உலகத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். மீட்டர் அப்படிச் செய்யவில்லை. ஒரு சின்ன மெஷினைக் குழாயில் மாட்டி, கேஸை உறிஞ்சி, சிலிண்டருக்குள் அடைத்துக்கொண்டிருந்தான். ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம் பிடித்தது.

பத்தரை மணிக்கு மச்சான் மேலே வந்தார். கீழே முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்த முகம்.

"மாப்ளே, இன்னும் எத்தனை இருக்கு?"

"ஆறு."

"மெஷினைக் கழட்டுங்க. மீதியை நான் வெட்டி விட்டுடறேன்."

"ரெண்டு மணி வரைக்கும் டைம் கேளுங்க மச்சான். வேணும்னா நான் அவர்கிட்ட பேசறேன்."

"நீங்க பேசிக் கிழிச்சது போதும். காத்துல போறதைப் புடிச்சு டப்பாவுல அடைக்கிறோம்னு சொன்னா நம்மளைப் பைத்தியக்காரனுங்கன்னு நெனைக்கமாட்டான்?"

மச்சான் கட்டரை எடுத்து ஆறாவது யூனிட்டின் குழாயை வெட்டினார். உஸ்ஸென்று வெள்ளையாகச் சீறிக்கொண்டு வெளியே வந்தது கேஸ். ஏழாவதையும் வெட்டினார். எட்டாவதில் கட்டரை வைத்தபோது மீட்டர் அவர் மணிக்கட்டைப் பிடித்தான்.

அறை காதும் கன்னமும் சேர்ந்து விழுந்தது.

"கையை எடுடா!"

உதடு கிழிந்து வாய் உப்புக் கரித்தது. ஆனால் மீட்டருக்கு உறைத்தது அந்த 'டா'தான். தங்கையின் கணவன் என்பதால் மச்சான் அவனை இதுவரை ஒருமையில் கூப்பிட்டதே இல்லை. சிப்பந்திகளில் ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டான். மீட்டர் தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து நின்று, மிச்சம் நாலும் சீறி அடங்குவதைக் கேட்டான். பிறகு மெஷினையும் சிலிண்டரையும் பட்டறை வண்டியில் ஏற்றிவிட்டு, தான் வந்த சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

இதன் வேர் இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு கோடையில் இருந்தது.

மாமனார் மச்சான் வீட்டின் மாடி அறையில் இருந்தார். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தலைக்கு மேலே வெறும் கான்கிரீட் தளம். அந்த வருடம் எட்டு நாள் அனல் இறங்கவே இல்லை. பட்டறையில் போன் ஓயவில்லை. மச்சானும் மீட்டரும் ஊரில் இருந்த ஏசிகளையெல்லாம் சரிசெய்துகொண்டு தெருத்தெருவாக ஓடினார்கள். பெரியவர் அறைக்கும் ஒன்று மாட்டிவிட வேண்டும் என்று தினமும் காலையில் பேசிக்கொள்வார்கள். தினமும் ராத்திரி நாளைக்குப் பார்க்கலாம் என்று ஆகிவிடும். ஒன்பதாம் நாள் பிற்பகல், சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறிக்கு நேர் கீழே அவர் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தார். தோல் வறண்டு, உடம்பு அடுப்பில் ஏற்றிய பாத்திரம் மாதிரிக் கொதித்தது.

மீட்டரின் மனைவி அரசு ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளர். ஸ்ட்ரெச்சரில் வந்தது தன் அப்பா என்பது முகத்தைத் துடைத்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. அக்குளிலும் தொடையிடுக்கிலும் ஐஸ் பையை வைத்து இரண்டு மணி நேரம் போராடினார்கள். அன்றைக்கு அதே வார்டில் அதே மாதிரி ஆறு பேர். மாலை ஐந்து மணிக்கு அவர் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவள் வீட்டையே மாற்றினாள். வெயில் ஏன் இப்படிக் கொல்கிறது என்று டாக்டர்களைக் கேட்டாள், கிடைத்ததையெல்லாம் படித்தாள். கரண்ட், பெட்ரோல், இறைச்சி எல்லாவற்றிலிருந்தும் வருகிற கரியமில வாயுதான் பூமியைச் சூடாக்குகிறது என்று தெரிந்துகொண்டாள். ஆள் இல்லாத அறையில் விளக்கு எரிந்தால் எங்கிருந்தாலும் எழுந்து வந்து அணைத்தாள். வேலைக்குப் பஸ்ஸில் போனாள். இறைச்சி வாரத்துக்கு ஒரு நாள் என்று ஆனது. துணி உலர்த்தும் மெஷினை விற்றுவிட்டுக் கொடி கட்டினாள். ஒரு நாள் வீட்டு ஏசியையும் கழற்றச் சொன்னாள். மீட்டர் முதலில் கேலி செய்தான். "மெக்கானிக் வீட்டுலயே ஏசி இல்லைன்னா எவன் என்னைக் கூப்பிடுவான்?" என்றான். பிறகு கழற்றினான். நாளாக ஆக அவனுக்கே அதில் ஒரு பெருமை வந்துவிட்டது.

அந்தப் பெருமை ஒரே நாளில் செத்தது. புது வகை ஏசிகளுக்கான பயிற்சி வகுப்பு ஒன்றுக்குப் போயிருந்தான். பயிற்சியாளர் பலகையில் எழுதினார்: இந்தக் கேஸ் ஒரு கிலோ காற்றில் கலந்தால், கரியமில வாயு இரண்டாயிரம் கிலோ கலந்ததற்குச் சமம்.

மீட்டர் கையைத் தூக்கினான். "சார், சைபர் கூட விழுந்திருக்கு."

"இல்லைங்க. சரியாத்தான் எழுதியிருக்கேன்."

வகுப்புக்கு வருகிற வழியில்கூட ஒரு யூனிட்டின் குழாயை வெட்டி விட்டுவிட்டுத்தான் வந்திருந்தான். அன்று மாலை அடுக்களையில் மனைவியின் முன்னால் உட்கார்ந்து சொன்னான்: "நீ வருஷம் பூரா வேர்த்து வழிஞ்சு மிச்சம் புடிச்சதை நான் இன்னைக்குக் காலையில மூணு நிமிஷத்துல ஊதித் தள்ளிட்டேன்."

அவள் அடுப்பை அணைத்தாள். பிறகு, "தெரியாம செஞ்சது வேற. இனிமே என்ன செய்யப் போறீங்க?" என்றாள்.

அடுத்த வாரம் மோட்டார் சைக்கிளை விற்று அந்த மெஷினை வாங்கினான்.

அறை விழுந்த மூன்றாம் நாள் பிற்பகல் மீட்டர் பட்டறைக்குப் போனான். மன்னிப்புக் கேட்பதா, கணக்கைத் தீர்த்துக்கொள்வதா என்று அவனுக்கே தெரியவில்லை. பட்டறை ஒரு நீள அறை. சுவரில் செம்புக் குழாய்ச் சுருள்கள் தொங்கின. தரையில் வயிறு பிளந்த யூனிட்டுகளும் எண்ணெய் கசிகிற கம்ப்ரசர்களும் கிடந்தன. பக்கத்து வெல்டிங் கடையின் பொறி கதவு வரைக்கும் தெறிக்கும். உள்ளே இரும்பின் மேல் இரும்பு விழும் சத்தம் கேட்டது.

மச்சான் சம்மட்டியால் மெஷினை அடித்துக்கொண்டிருந்தார். அதன் தகட்டு உடம்பு ஏற்கெனவே நசுங்கிப்போயிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் உள்ளே இருந்து ஒரு பாகம் வெளியே வந்து விழுந்தது.

"மச்சான்!"

"வாடா. அந்த முதலாளியோட மத்த ரெண்டு கடை வேலையும் போச்சு. இப்பத்தான் போன் வந்தது. லேட் பண்றவனுங்க வேணாமாம். சந்தோஷமா?"

"அது என் மெஷின். என் வண்டியை வித்து வாங்கினது."

"என் பட்டறையில இருக்கு. உடைப்பேன்." இன்னும் ஒரு அடி விழுந்தது. "எவன்டா உனக்கு இந்தப் புத்தியைக் கொடுத்தது? உலகம் பூரா கோடி ஏசி ஓடுது. கோடி பேரு கேஸை விடறான். தலைக்கு மேல வெள்ளம் போயிடுச்சு. இதுல சாண் என்ன, முழம் என்ன?"

"முங்கறவனுக்கு ஒரு சாணும் பெருசுதான். உங்க அப்பா எதுல செத்தாரு? வெயில்ல. அந்த வெயிலை நாமதான் வளர்க்கறோம்."

சம்மட்டி பாதியில் நின்றது. மச்சான் நிமிர்ந்தார்.

"எங்கப்பா வெயில்ல சாகல. ஏசி இல்லாம செத்தாரு. அதைப் புரிஞ்சுக்க. இன்னைக்கு ஊருல எவனோட அப்பனும் அப்படிச் சாகக் கூடாதுன்னுதான் நான் நாய் மாதிரி ஓடறேன். நீ அரை மணி அரை மணின்னு உருட்டிட்டு உக்காந்திருக்கியே, அந்த நேரத்துல ஒரு கிழவன் எங்கேயாவது வெந்துட்டிருப்பான்டா!"

அதில் நியாயம் இருந்தது. மீட்டருக்கு அது தெரிந்தது. தெரிந்ததாலேயே அவனுக்குக் கோபம் தலைக்கேறியது. சொல்லக்கூடாத வார்த்தையைச் சொன்னான்.

"அப்படின்னா மாட்டியிருக்க வேண்டியதுதானே? இதே பட்டறையில மூணு ஏசி சும்மா கெடந்துச்சு. ஊருக்கெல்லாம் குளிர வெச்சீங்க. பெத்தவரை வேக விட்டீங்க."

 மச்சான் சம்மட்டியைக் கீழே போட்டார். சத்தம் போடாமல் மூலைக்குப் போனார். அங்கே துணிக்கடை மாடியில் பிடித்த கேஸ் சிலிண்டரில் இருந்தது. ஐந்து யூனிட்டின் கேஸ், ஏழு கிலோ. அதைத் தூக்கித் தலைகீழாகத் தொடையில் வைத்து வால்வில் கையை வைத்தார்.

"இதுக்காகத்தானே பேசறே? பாரு, உன் கண்ணு முன்னாடியே விடறேன்."

கையில் எது கிடைத்தது என்று மீட்டர் பார்க்கவில்லை. பெரிய பைப் ஸ்பேனர். தோளுக்கும் கழுத்துக்கும் நடுவே இறக்கினான். காய்ந்த விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம். மச்சான் அலறிக்கொண்டு மண்டியிட்டார். சிலிண்டர் அவரோடு சாய்ந்தது. வால்வு அதற்குள் திறந்திருந்தது. தலைகீழாக இருந்ததால் கேஸ் திரவமாகவே பீறிட்டது. தரையில் பட்ட இடமெல்லாம் வெண்பனி பூத்தது.

மீட்டர் ஸ்பேனரை எறிந்துவிட்டு இடது கையால் வால்வைப் பிடித்தான். முதலில் நெருப்பு மாதிரி இருந்தது. பிறகு ஒன்றுமே இல்லை. விரல்கள் தன்னுடையவையாக இல்லை. மச்சான் கிடந்தபடியே பூட்ஸ் காலால் அவன் முட்டியில் உதைத்தார். மறுபடி விலாவில் உதைத்தார். மீட்டர் விடவில்லை. வால்வு மூன்று சுற்று. பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று சுற்றும் சுற்றினான். சீறல் நின்றபோது அவன் விரல்கள் மெழுகு மாதிரி வெளுத்திருந்தன.

அதோடு முடிந்திருக்க வேண்டியது. முடியவில்லை. மச்சான் நல்ல கையால் ஒரு செம்புக் குழாய்த் துண்டை எடுத்து அவன் மண்டையில் அடித்தார். மீட்டர் அவர் முறிந்த தோளின் மேலேயே முழங்காலை வைத்து அழுத்தினான். மச்சான் அவன் முழங்கையைக் கடித்தார். இரண்டு பேரும் கெட்ட வார்த்தைகூடப் பேசவில்லை. மூச்சு மட்டும்தான் வாங்கினார்கள். எண்ணெயிலும் ரத்தத்திலும் வழுக்கிக்கொண்டு, கொல்வதற்கென்றே ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டவர்கள் மாதிரி உருண்டார்கள். வெல்டிங் கடைக்காரர் முகமூடியைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்து, இரண்டு ஆட்களை வைத்து இழுத்துத்தான் பிரிக்க முடிந்தது.

அன்று பிற்பகல் வார்டில் மனைவிக்கு வேலை. இரண்டு ஸ்ட்ரெச்சர் வந்தது. முன்னதில் அண்ணன், பின்னதில் புருஷன். அவள் கத்தவில்லை. அண்ணனின் சட்டையைக் கத்தரித்து எடுத்தாள். புருஷனின் தலையில் கொட்டுகிற ரத்தத்துக்குப் பஞ்சு வைத்து அழுத்தினாள். டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு, அடிபடாத கன்னமாகப் பார்த்துப் புருஷனை ஓங்கி ஓர் அறை அறைந்தாள். பிறகு திரும்பி அண்ணனையும் அறைந்தாள்.

"நான் விளக்கைத்தான் அணைக்கச் சொன்னேன். எங்கண்ணன் உயிரை அணைக்கவா சொன்னேன்? காத்தைக் காப்பாத்தப் போனவரு கழுத்தெலும்பை உடைச்சிட்டு வந்திருக்காரு. ரெண்டு பேருக்கும் வெக்கமா இல்லை?"

"அப்பாவைப் பத்திப் பேசினான்," என்றார் மச்சான்.

"அவரை நானும்தான் மறந்தேன். இவரும்தான் மறந்தாரு. மூணு பேரும் சேந்துதான் மறந்தோம். நீ ஒருத்தனே சுமக்கறியேன்னு எனக்கு எத்தனை நாள் வயிறெரிஞ்சிருக்கு தெரியுமா? அதுக்கு இவர் மேல பாய்ஞ்சா இறங்கிடுமா?"

மச்சான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். முறிந்த தோள் குலுங்கியது. வலியில் அழுகிறார் என்று நினைத்து நர்ஸ் ஊசி போட வந்தாள். மனைவி வேண்டாம் என்று தலையசைத்து அனுப்பிவிட்டாள்.

ஐந்தாம் நாள் மீட்டரின் சுண்டு விரலும் மோதிர விரலும் கருத்துப்போய், வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

போலீஸ்காரர் ஒருவர் நோட்டுடன் வந்தார். நல்ல மனிதர். ஆனால் அவருக்கு இந்த வழக்கு பிடிபடவே இல்லை.

"சண்டை எதுக்கு?"

"கேஸுக்காக," என்றான் மீட்டர்.

"எந்தக் கேஸ்? கோர்ட்ல நடக்கற கேஸா?"

"இல்லை சார். ஏசி கேஸ். அவரு வெளியே விடணும்னாரு. நான் விடக் கூடாதுன்னேன்."

போலீஸ்காரர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "காத்துல போற கேஸுக்கு மச்சானும் மாப்பிள்ளையும் எலும்பை உடைச்சுக்கிட்டீங்களா? நான் இதை எழுதினா எங்க இன்ஸ்பெக்டர் என்னைத்தான் மொதல்ல டாக்டர்கிட்ட அனுப்புவாரு. சொத்துத் தகராறுன்னு போட்டுடறேன். எல்லாருக்கும் புரியும்."

"அது பொய் சார். நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

போலீஸ்காரர் அடுத்த கட்டிலுக்குப் போனார். மச்சான் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். சொத்துத் தகராறு என்று சொல்லிவிட்டால் ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். மாப்பிள்ளை பட்டறையில் பங்கு கேட்டு அடித்தான் என்றால் மீட்டர் உள்ளே போயிருப்பான். மச்சான் கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"எங்களுக்குள்ள சொத்துத் தகராறு கிடையாது. அவன் சொன்னதுதான். கேஸுக்காகத்தான்."

கடைசியில் 'தொழில் முறையில் ஏற்பட்ட கருத்து வேறுபாடு' என்று எழுதிக்கொண்டு போனார். சிலிண்டரை ஆயுதம் என்று ஸ்டேஷனுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். மச்சான் புகார் கொடுக்கவில்லை. மீட்டரும் கொடுக்கவில்லை. காயச் சான்றிதழ் இருந்ததால் வழக்கு மட்டும் இருவர் பேரிலும் கொஞ்ச நாள் இழுத்து, அபராதத்தோடு முடிந்தது.

பட்டறை மச்சானிடமே இருந்தது. மீட்டர் தனியாகத் தொழில் செய்தான். இன்னொரு மெஷின், பழையது, எங்கிருந்தோ தேடிப் பிடித்தான். சைக்கிளின் பின்னால் அதைக் கட்டிக்கொண்டு, மூன்று விரல் இடது கையோடு போனான். அரை மணி காத்திருக்கச் சம்மதிக்கிறவர்கள் மட்டும் கூப்பிட்டார்கள். நிறைய பேர் சம்மதிக்கவில்லை. மச்சான் பழையபடி மூன்று நிமிடத்தில் வெட்டி விட்டுக்கொண்டுதான் இருந்தார். தெருவில் எதிரெதிரே வந்தால் இருவரும் கடைப் பலகைகளைப் படிக்கத் தொடங்குவார்கள். ஒரு தடவை டீக்கடையில் ஒருவன், "மீட்டர், விரல் ரெண்டு போச்சே, உலகம் கொஞ்சமாவது குளிர்ந்துச்சா?" என்று கேட்டான். மீட்டர் கையிலிருந்த சூடான டீயை அவன் மடியில் ஊற்றிவிட்டு வந்தான். அன்று ராத்திரி மனைவி அவனோடு பேசவில்லை. தான் அதை எரிச்சலில் செய்யாமல் யோசித்தே செய்தது அவனுக்கே பயமாக இருந்தது. ஒரு தடவை அடித்துவிட்ட கைக்கு இரண்டாம் தடவை வழி சுலபமாகத் தெரிந்துவிடுகிறது.

ஏழு மாதம் கழித்து, ஒரு பல் ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் பெரிய யூனிட் ஒன்றைக் கழற்ற வேண்டியிருந்தது. சுமை தூக்க வருவதாகச் சொன்ன ஆள் வரவில்லை, தனியாகவே கழற்றப்போவதாக மனைவிக்குப் போனில் சொன்னான். கைப்பிடிச் சுவருக்கு வெளியே இரும்புச் சட்டத்தில் இருந்த யூனிட்டை மூன்று விரலில் தாங்கிக்கொண்டு நட்டைத் திருகிக்கொண்டிருந்தான் மீட்டர். ஒரு பக்கம் கழன்று யூனிட் சரிந்தது. சட்டத்தின் விளிம்பு அவன் மணிக்கட்டில் இறங்கியது. விட்டால் கீழே தெருவில் நடக்கிறவர்கள் மேல் விழும். விடாமல் பிடித்துக்கொண்டு கத்தினான்.

படியில் யாரோ ஓடி வரும் சத்தம். ஒரு கை வந்து யூனிட்டின் அடியில் நுழைந்தது. மச்சான். தோள் முழுசாக மேலே எழவில்லை. இடுப்பைக் கொடுத்து முட்டுக்கொடுத்தார். இரண்டு பேரும் திட்டிக்கொண்டே இழுத்து உள்ளே போட்டார்கள். மீட்டரின் மணிக்கட்டிலிருந்து ரத்தம் சொட்டியது. மச்சான் கைக்குட்டையை எடுத்து, வலிக்கிற மாதிரியே இறுக்கிக் கட்டினார்.

"எப்படி இங்க?"

"உன் பொண்டாட்டி போன் பண்ணினா. தனியா மாடியில தூக்கிட்டிருக்காரு, விழுந்து செத்தா உனக்கு நிம்மதியான்னு கேட்டா."

இரண்டு பேரும் மூச்சு வாங்கினார்கள். கீழே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"அன்னைக்கு உங்கப்பாவைப் பத்திச் சொன்னது தப்பு மச்சான்," என்றான் மீட்டர். "அதுல எனக்கும் பங்கு இருக்கு."

"அடிச்சது?"

மீட்டர் யோசித்தான். பொய் சொல்ல வரவில்லை. "அடிச்சதும் தப்புதான். ஆனா நீங்க மறுபடியும் அந்த வால்வைத் திறந்தா மறுபடியும் அடிப்பேன்னு நெனைக்கிறேன்."

"அடிச்சா நானும் விடமாட்டேன்," என்றார் மச்சான். தோளைத் தடவிக்கொண்டார். "அந்த வலி இன்னும் போகல. மழை வந்தா உன்னைத் திட்டாம தூங்கறதில்லை."

மீட்டர் மெஷினை யூனிட்டின் குழாயில் மாட்டத் தொடங்கினான். மூன்று விரலில் நட்டு பிடிபடவில்லை, வழுக்கிக்கொண்டே இருந்தது. மச்சான் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து, அவன் கையை முரட்டுத்தனமாகத் தள்ளிவிட்டு, நட்டைத் தானே முறுக்கினார்.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"அரை மணி."

மச்சானின் போன் இரண்டு தடவை அடித்தது. எங்கோ யாருக்கோ ஏசி நின்றுபோயிருந்தது. எடுத்துப் பார்த்து, வருகிறேன் என்று சொன்னார், எப்போது என்று சொல்லவில்லை. அங்கிருந்த தண்ணீர்த் தொட்டியின் நிழலில் போய் உட்கார்ந்து, தோளைச் சுவரில் சாய்த்துக்கொண்டு, மெஷின் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.